கறிக்கு எடுத்த இரண்டு சங்கரா

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். அதுவும் மதியச் சோற்றுக்காக. மறைமலைநகர் கம்பெனியில் காண்ட்ராக்ட் முடிந்து வெளியே அனுப்பியபோது, செங்கல்பட்டில் ஏழைகளுக்கு இலவசமாகச் சோறும் அரிசியும் கொடுக்கிற கூடத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் சோற்று வாசனையில்தான். காய் நறுக்கினேன், மூட்டை தூக்கினேன். ஒரு வருஷம் கழித்து, கூடத்தை நடத்துகிற சார் அரிசி அறைச் சாவியை என்னிடம் கொடுத்தார். அதுவரை என்னை நம்பி யாரும் சைக்கிளைக்கூடக் கொடுத்ததில்லை.

கூடத்துக்கு அரிசி சேர்க்கக் கடப்பாக்கத்தில் மீன்பிடிப் போட்டி வைத்தார்கள். படகுக்கு இரண்டு பேர். தூண்டில் மட்டும்தான், வலை கூடாது. பிடிக்கிற ஒவ்வொரு கிலோ மீனுக்கும் ஐந்து கிலோ அரிசி தர ஆட்கள் இருந்தார்கள். மீனும் கூடத்துக்கே. அதனால் ஒரு மீன் விடாமல் தராசுக்கு வரவேண்டும் என்று சார் மைக்கில் சொன்னார்.

என் கூட்டாளி கடப்பாக்கத்துக்காரன். கம்பெனியில் நான்கு வருஷம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம். வேலை போனதும் அவன் பைபர் படகுக்குத் திரும்பிவிட்டான். போட்டியன்று அவன் மீன் பிடித்தான், நான் வாந்தி எடுத்தேன்.

"இன்னா மச்சான், எர போடறியா?"

"நாஸ்தா வேஸ்ட் ஆவக் கூடாதுல்ல."

பாறை மீனும் சங்கரா மீனும் நன்றாகக் கிடைத்தன. கரை தெரிந்ததும் அவன் இரண்டு நல்ல சங்கராவைப் பொறுக்கி, என் பைக்குள் துண்டுக்கு அடியில் வைத்தான்.

"டேய், எல்லாம் தராசுக்குப் போவணும்னாங்களே?"

"இது கறிக்கு மச்சான். ஆளுக்கு ஒண்ணு. கறிமீன எவன்னா எட போடுவானா?"

அந்தக் கரையில் கடலுக்குப் போனவன், ஏலத்துக்கு முன்னால் வீட்டுக் குழம்புக்கு மீன் எடுத்துக்கொள்வான். அதை யாரும் திருட்டு என்று சொன்னதில்லை. ஆனால் இது போட்டி. நான் இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். குழம்பை நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

எடை போடுகிற மேஜைக்குப் பக்கத்தில் என் பை சொட்டிக்கொண்டே இருந்தது. எடை எழுதுகிற அம்மா ஒருவர் பிரித்துப் பார்த்தார்.

"யார் எடுத்து வச்சது?" என்று சார் கேட்டார்.

நான் கூட்டாளியைப் பார்த்தேன். "கறிக்கு சார்" என்று அவன் சொன்னால் போதும், கரையே தலையாட்டியிருக்கும். அவன் தராசைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியாது சார். அண்ணாத்த பைல கீது. அவரத்தான் கேக்கணும்."

நான்கு வருஷத்தில் அவன் என்னை அண்ணாத்த என்றதே இல்லை.

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். பழக்கதோஷம். "கூடத்துல சோறு நல்லா கீதுன்னு கேள்விப்பட்டு, அதுங்களே பைல ஏறிக்கிச்சி சார்" என்றேன். கூட்டம் சிரித்தது. பிறகு நடந்ததை நடந்தபடி சொன்னேன். அதையும் ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்கள். சார் மட்டும் சிரிக்கவில்லை. சாவிக்காகக் கையை நீட்டினார். அதை அரைஞாண் கயிற்றில் முடிந்து வைத்திருந்தேன். அத்தனை பேருக்கு முன்னால் லுங்கியைத் தளர்த்தி அவிழ்க்க வேண்டியிருந்தது. முடிச்சு வேறு லேசில் வரவில்லை.

கூட்டாளியைப் படகுக்குப் பின்னால் பிடித்தேன்.

"ஏன்டா?"

"நீ அவங்க ஆளு, உன்ன வுட்டுடுவாங்கன்னு நெனச்சேன் மச்சான். நான்னு சொல்லியிருந்தா, குப்பத்து ஆளுங்களே இப்டித்தான்னு பேசுவானுங்க."

"அப்ப சார்கிட்ட தனியா வந்து சொல்லு."

"சத்தியமா சொல்றேன். செங்கல்பட்டு வர்றப்போ சொல்றேன்."

பதினைந்து நாள் கழித்துக் கூடத்துக்கு வந்தான். மதியப் பந்தி நேரம். சாரே அவன் தோளைத் தட்டி உட்காரவைத்தார். சாவி போனபின் பரிமாறுகிற வேலைக்கு வந்திருந்த நான், ரசவாளியோடு பக்கத்திலேயே நின்றேன். இதோ சொல்லப்போகிறான் என்று நினைத்தேன்.

"கடல் எப்படிப்பா இருக்கு?" என்றார் சார்.

"காத்து ஜாஸ்தியா கீது சார்."

சார் அடுத்த வரிசைக்குப் போனார். அவன் என்னை நிமிர்ந்து பார்க்காமல் சோற்றில் குழி செய்தான்.

"ரசம் கொஞ்சம்" என்றான்.

ஊற்றினேன். ஒரு பக்கம் சோறு உடைந்து ரசம் ஓட, அவன் அவசரமாகக் கையால் அணை கட்டிக்கொண்டிருந்தான்.