சனிக்கிழமை உபவாசம்

அந்தப் படிவத்தில் பன்னிரண்டு கேள்விகள் இருந்தன. பதினொன்றுக்கு எண் போட வேண்டும். பன்னிரண்டாவதற்கு ஆம் அல்லது இல்லை. இல்லை என்று எழுதினால் காரணம் சொல்ல நாலு வரி இடம் விட்டிருந்தார்கள். அந்த நாலு வரியை நான் காலியாக விட்டேன். அதற்காக என்னைப் பொறாமைக்காரன் என்றார்கள். இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நாங்கள் இருந்த குடியிருப்பை இடித்தாகிவிட்டது. இதைப் படித்து மனம் நோகக்கூடியவர்கள் இப்போது யாரும் இல்லை. அதனால் எழுதுகிறேன். கோபம் மட்டும் அன்றைக்கு இருந்தபடியே இருக்கிறது.

நான் ஆறாவதோடு பள்ளியை விட்டவன். தஞ்சோங் பகாரில் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் எங்கள் தமிழ்ச் சபைக்கு நான்தான் உபதேசியார். ஆங்கிலச் சபையார் காலையில் ஆராதனை முடித்துவிட்டுப் போனபிறகு, அதே கோயிலில் மத்தியானம் மூன்று மணிக்கு எங்களுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். ஜெபம் நடத்துவேன், வீடுவீடாகப் போவேன், சீக்காளிகளைப் பார்ப்பேன். ஆனால் அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற திருவிருந்து கொடுக்கவோ ஞானஸ்நானம் கொடுக்கவோ எனக்கு அதிகாரம் இல்லை. அதற்குப் பட்டம் பெற்ற குருவானவர் வேண்டும். அவரை நாங்கள் ஐயர் என்போம். சிராங்கூன் ரோட்டுப் பக்கமிருந்து மாதம் ஒருமுறை ஓர் ஐயர் வருவார். மழை பிடித்துக்கொண்டால் வரமாட்டார். எங்களுக்கென்று ஓர் ஐயர் வேண்டும் என்று மனுமேல் மனு போட்டோம். காலம் மாறிவிட்டது, இனிமேல் பி.ஏ. முடித்து, அதற்குமேல் இறையியல் கல்லூரியில் மூன்று வருஷம் படித்தவர்தான் ஐயராக வரலாம் என்று பதில் வந்தது. மூட்டை தூக்குகிற எங்கள் குடியிருப்பில் பி.ஏ.வுக்கு எங்கே போவது?

கடைசியில் ஒருவர் கிடைத்தார். சென்னையில் பி.ஏ. படித்துவிட்டு இங்கே குன்றின்மேல் இருந்த இறையியல் கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த தமிழ்ப் பிள்ளை. என்னைவிட மூன்று நான்கு வயது இளையவர். சனிக்கிழமை வீடு சந்திப்பு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை என்று ஒரு வருஷம் எங்களோடு பயிற்சி. அது நல்லபடி முடிந்தால் அவரே எங்கள் ஐயர். சபை முழுக்க அந்த ஒரே பேச்சுதான். இப்போதே அவரைச் சின்ன ஐயர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

பயிற்சிக்கு வரும் மாணவரைப் பற்றி அந்த இடத்து ஐயர் தவணைக்கு ஒருமுறை படிவம் நிரப்பி அனுப்புவது கல்லூரியின் வழக்கம். எங்களுக்குத்தான் ஐயரே இல்லையே. படிவம் என் கைக்கு வந்தது. பி.ஏ. படித்தவருக்கு ஆறாவது படித்தவன் மதிப்பெண் போட வேண்டும். எனக்குத் தூக்கம் போயிற்று. மழையில் நனைந்துவிடுமோ, கரப்பான் தின்றுவிடுமோ என்று எண்ணெய்த்தாளில் சுற்றிப் பாய்க்கு அடியில் வைத்தேன்.

"என்னங்க, அது பேப்பரா முட்டையா? அதுமேலயே உக்காந்திருக்கீங்க" என்றாள் மனைவி.

"ஒனக்கென்ன தெரியும்? அஞ்சு போட்டா ஒசத்தியா, ஒண்ணு போட்டா ஒசத்தியான்னு எங்கயுமே எழுதல."

"சின்ன ஐயரையே கேளுங்க."

"பரீட்ச எழுதுறவர்கிட்டயே மார்க்கு எப்படிப் போடுறதுன்னு கேக்கச் சொல்றியா?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் சனிக்கிழமை, கப்பலில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர் ஒருவர் வீட்டுக்கு அவரை அழைத்துப் போனேன். சபைக் கமிட்டியில் எங்கள் குடியிருப்பின் சார்பாக இருந்தவர் அவர்தான். அவர் மனைவி பக்கத்து வீட்டில் கண்ணாடிக் கிளாஸ் இரவல் வாங்கி, டின் பால் தாராளமாக ஊற்றிக் காப்பி கொண்டுவந்தாள். சின்ன ஐயர் கைகூப்பினார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. சனிக்கிழமையில நான் உபவாசம். தண்ணிகூடக் குடிக்கிறதில்ல."

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் வீடுகளுக்கு வருவதற்கு முன் ஒருவர் உபவாசம் இருந்து வருகிறார்! பழைய ஐயர் வந்தால் பிஸ்கட் டப்பாவைக் காலி செய்துவிட்டுப் போவார். அன்று ஏழு வீடுகளுக்குப் போனோம். ஏழிலும் அதே பதில். உட்காரச் சொன்னால், "இருக்கட்டும், நின்னே ஜெபிப்போம்" என்றார். அதையும் பக்தி என்றே நினைத்தேன்.

அஞ்சுதான் உசத்தி என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, முதல் படிவத்தில் பதினொன்றுக்கும் அஞ்சு போட்டேன். கூடுதலாக ஏதாவது உண்டா என்ற இடத்தில், சனிக்கிழமைதோறும் உபவாசம் இருக்கிறார் என்று அகராதியைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதினேன். அதை எழுதிய கையை இப்போதும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எழுதிவிட்டு எனக்கே வெட்கமாகப் போயிற்று. படிக்க வந்தவர் பட்டினி கிடக்கிறார், உபதேசியார் பசியாறிவிட்டு அவர் பின்னால் போவதா? நானும் சனிக்கிழமை உபவாசம் பிடித்தேன். மத்தியானத்துக்குள் கை நடுங்கும். என்னைப் பார்த்துப் பெண்கள் ஆரம்பித்தார்கள். வின்ச் ஓட்டுபவர் என்னை வழியில் நிறுத்திச் சொன்னார்: "சின்ன ஐயர் வந்ததுலேருந்து எங்க வீட்டுல சனிக்கிழம அடுப்பே பத்த வைக்கிறதில்லலா, உபதேசியாரே. நான்தான் கடையில ரொட்டி வாங்கித் தின்னுட்டு வேலைக்குப் போறேன்."

அவர் மனைவிக்கு அப்போது நாலு மாதம். ஒரு சனிக்கிழமை பொதுக்குழாயடியில் வாளியோடு மயங்கி விழுந்தாள். தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் தெளித்தோம். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. நான் ஓடிப்போய்ச் சின்ன ஐயரிடம் சொன்னேன்.

"வயித்துப் பிள்ளைக்காரிங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா சாப்பிடும்."

அவர் தன் காலில் போட்டிருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நீங்களே சொல்லிருங்க உபதேசியாரே. நான் சொன்னா நல்லாருக்காது."

ஏன் நல்லாயிருக்காது என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. நான் சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை.

அறுப்புப் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை. வீடு சந்திப்பு முடிந்ததும், கல்லூரியில் படிக்கிற வேலை இருக்கிறது என்று சின்ன ஐயர் பஸ் ஏறிவிட்டார். நான் பாட்டுத்தாள் அச்சடிக்கக் கொடுத்திருந்த அச்சகத்துக்குச் சிராங்கூன் ரோடு போனேன். சபைச் செயலாளர் வீடு அதற்குப் பின்தெருவில். அவர் ஓர் ஆபீஸில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. கோயிலை மாலைவரை வைத்துக்கொள்ள ஆங்கிலச் சபைக்குக் கொடுக்கும் கடிதத்தில் அவர் கையெழுத்து வேண்டியிருந்தது. கதவு திறந்திருந்தது.

கூடத்தில் சின்ன ஐயர் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோறு, ஆட்டுக்கறி, ரசம். பெரிய கிராணியின் மனைவி பக்கத்தில் நின்று பரிமாறிக்கொண்டிருந்தார்.

என் வாயிலிருந்து முதலில் வந்தது அக்கறைதான். அதை நினைத்தால் எனக்கு உடம்பு எரிகிறது. "உபவாசத்தை முடிச்சிட்டீங்களா தம்பி?" என்று கேட்டேன்.

அவர் கை இலையிலேயே நின்றுவிட்டது. பெரிய கிராணி வாய்விட்டுச் சிரித்தார்.

"என்ன உபவாசம்? காலையில இங்க இட்லி சாப்பிட்டுட்டுத்தான் அங்க வந்தாரு. உபதேசியாரே, நீங்க வெவரம் தெரிஞ்சவரு. அந்த லைன் வீடுகள்ல போய் இவரு வாய நனைக்க முடியுமா? ஊர்ல இவங்க குடும்பம் என்ன குடும்பம்! தெரிஞ்சா பொண்ணு குடுப்பானா ஒருத்தன்?"

"அவங்க மனசு நோகக்கூடாதுன்னுதாண்ணே அப்படிச் சொன்னேன்" என்றார் சின்ன ஐயர். குரல் சின்னதாக இருந்தது.

மனசு நோகக்கூடாதாம். பட்டினி கிடந்து குழாயடியில் விழலாமாம்.

எங்களை ஊரில் எங்கே நிறுத்தினார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. கப்பல் ஏறி வந்தபிறகு, அதுவும் கோயிலுக்குள் வந்தபிறகு, அது கரையிலேயே நின்றுவிட்டது என்று நம்பியிருந்தேன். பெரிய கிராணியின் மனைவி என்னிடம் ஒரு செம்பை நீட்டி, "தூக்கிக் குடிச்சுக்கிருங்க" என்றார். நான் குடிக்கவில்லை. கையெழுத்தையும் வாங்கவில்லை. தெருமுனையில் முஸ்லிம் கடையில் நின்றுகொண்டே நாலு பரோட்டா தின்றேன். அத்தோடு என் உபவாசம் முடிந்தது.

அதற்கப்புறம் கடைசிப் படிவம் வந்தது. இவரை ஐயர் பட்டத்துக்குச் சிபாரிசு செய்கிறீர்களா என்ற பன்னிரண்டாவது கேள்வி அதில் மட்டும்தான் இருந்தது. நான் பயந்தவன். இல்லை என்று எழுதினால் பெரிய கிராணி என்ன செய்வார், சபை கொடுத்திருக்கிற வீடு போகுமா, பிள்ளைகளோடு எங்கே நிற்பது என்று எண்ணி எண்ணி, மூன்று சனிக்கிழமை அவர் பின்னாலேயே ஒன்றும் பேசாமல் நடந்தேன். நாலாவது சனிக்கிழமை பஸ் நிறுத்தத்தில் கேட்டேவிட்டேன்.

"தம்பி, ஒரே ஒரு வீட்டுல ஒரே ஒரு கிளாஸ் கோப்பி குடிங்க. நான் ஆமான்னு எழுதிர்றேன்."

"முயற்சி பண்ணாமலா இருப்பேன்? மொத நாளே குடிச்சிரலாம்னுதான் பாத்தேன். தொண்டையில எறங்காதுண்ணே. சின்னதுலேருந்து அப்படியே வளத்துட்டாங்க. வேற எது வேணாலும் கேளுங்க."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. கிரேக்கம் படித்தார், எபிரேயம் படித்தார், தடித்தடியான புத்தகங்களைப் படித்துப் பரீட்சை எழுதினார். பாவிகள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதற்காகவே நம் ஆண்டவரைக் குற்றம் சொன்னார்கள் என்பது ஆறாவது படித்த எனக்கே தெரியும். மூன்று வருஷத்தில் அந்தக் குன்றின்மேல் ஒருவர்கூட அவருக்கு ஒரு கிளாஸ் காப்பி குடிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை.

"நாளைக்குத் திருவிருந்துல இதே ஆளுங்க வாயில நீங்கதான் அப்பம் வைக்கணும். அவங்க குடிச்ச பாத்திரத்துல மீதிய நீங்கதான் குடிச்சு முடிக்கணும். அப்ப என்ன செய்வீங்க?"

"அப்ப ஆண்டவர் பெலன் தருவார்" என்றார். பஸ் வந்தது. ஏறிவிட்டார்.

நான் "இல்லை" என்று எழுதினேன். காரணம் எழுதப் பேனா போகவில்லை. படிவம் கமிட்டிக்குத் திரும்பி வரும், அங்கே அதை உரக்க வாசிப்பது வழக்கம். வின்ச் ஓட்டுபவர் அங்கே உட்கார்ந்திருப்பார். உன் மனைவி இரவல் கிளாஸில் கொண்டுவந்த காப்பி சின்ன ஐயருக்குத் தீட்டு, அவள் அதைப் பக்தி என்று நினைத்துப் பிள்ளையோடு பட்டினி கிடந்தாள் என்று அந்த மனுஷன் நாலு பேர் நடுவே கேட்க வேண்டுமா?

கல்லூரியில் கூப்பிட்டார்கள். வெள்ளைக்காரப் பேராசிரியர் நல்லவர். என்னை உட்கார வைத்து, தேநீர் ஊற்றித் தானும் குடித்துக்கொண்டு, காரணம் கேட்டார். என் ஆங்கிலம் போதவில்லை. அவருக்கும் எனக்கும் தெரிந்தது கடைத்தெரு மலாய்தான். அதில் மீன் விலை கேட்கலாம், வழி கேட்கலாம். இதைச் சொல்ல அதில் வார்த்தை இல்லை. சின்ன ஐயர் உபவாசம் இருக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். மாணவர்கள் உபவாசம் இருக்க வேண்டும் என்று கல்லூரியில் கட்டாயமில்லையே என்றார் பேராசிரியர். காரணம் எழுதினால் விசாரிக்கலாம், எழுதாவிட்டால் ஒரு வருஷம் தள்ளிப்போடத்தான் முடியும் என்றார். தள்ளிப்போடுங்கள் என்றேன்.

ஐயர் பட்டத்தை ஒரு வருஷம் தள்ளிப்போட்டார்கள். கல்லூரிப் பட்டத்தை ஒன்றும் தள்ளிப்போடவில்லை. அங்கி மாட்டி, தொப்பி வைத்து, வாங்கிக்கொண்டார். அடுத்த வருஷம் மலாயாவில் ஓர் ஆங்கிலச் சபைக்கு ஐயராகப் போனார். எங்களுக்கு மறுபடி மாதம் ஒருமுறை, மழை பெய்யாவிட்டால்.

அதெல்லாம் பிறகு. படிவம் திரும்பி வந்த வாரமே கமிட்டியில் பெரிய கிராணி அதை வாசித்தார். அந்த வெற்று நாலு வரியை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். "காரணமே இல்ல பாருங்க. படிச்சவன் வந்தா உபதேசியார் வேல போயிரும்ல?" அவருக்குக் காரணம் தெரியும். நான் சொல்லமாட்டேன் என்பதும் தெரியும்.

வின்ச் ஓட்டுபவர் எழுந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"அவரு எங்களுக்காகப் பட்டினி கெடந்தாரு. எம்புள்ளைக்கு அவரு கையால ஞானஸ்நானம்னு பொண்டாட்டி வேண்டிக்கிட்டிருந்தா. மூஞ்சப் பாத்துச் சொல்லுங்க உபதேசியாரே. பொறாமதான?"

அறை முழுக்க என்னைப் பார்த்தது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், எல்லார் பார்வையும் பெரிய கிராணி பக்கம் திரும்பிவிடும்.

"ஆமா. பொறாமதான்" என்றேன்.

அவர் காறித் துப்பவில்லை, அது ஒன்றுதான் குறை. பெரிய கிராணி தலையைக் குனிந்து தாளை மடித்தார். என் மனைவி விஷயம் கேள்விப்பட்டு, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவளிடமும் நான் சொல்லவில்லை. சொன்னால் குழாயடிக்கு வந்துவிடும்.

அடுத்த சனிக்கிழமை வீடு சந்திப்புக்கு வழக்கம்போலப் போனேன். மூன்று வீட்டில் கதவு திறக்கவில்லை. வின்ச் ஓட்டுபவர் வீட்டில் அந்தப் பெண் வாசலிலேயே நின்றாள். மாதம் ஏறியிருந்தது, முகம் வெளுத்து உதடு காய்ந்திருந்தது.

"இன்னும் சனிக்கிழம உபவாசமாம்மா? வேணாம். போய்ச் சாப்பிடு" என்றேன்.

"சின்ன ஐயர் திரும்பி வர்றவரைக்கும் இருக்கிறதா நேந்திருக்கேன்."

"அவரு வரமாட்டாரு. சொன்னாக் கேளும்மா. புள்ளைக்கு ஆகாது."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அவரு அவ்ளோ படிச்சவரு. நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க, எனக்குச் சொல்ல வர்றதுக்கு?"