காற்று நின்ற தொட்டிகள்

எந்த மீனைத் தின்றால் கடலுக்குக் கேடு குறைவு? செம்பூரில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து இந்தக் கேள்விக்கு அட்டவணை போடுவதுதான் என் பிழைப்பு. குளத்தில் வளரும் இறால், கடலில் கூண்டு கட்டி வளர்க்கும் மீன், கயிற்றில் தொங்கவிட்டு வளர்க்கும் சிப்பி, ஷெட்டுக்குள் தொட்டியில் வளரும் மீன். கிலோவுக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கரண்ட், எவ்வளவு கழிவு என்று நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத வேண்டும். எழுத எழுத எனக்கு எரிச்சல்தான் மிஞ்சும். இறால் குளத்துக்காகச் சதுப்புநிலக் காட்டை வெட்டுகிறார்கள். கூண்டு மீனின் கழிவு அப்படியே கடலடியில் படிகிறது. தொட்டிக்காரன் அதே தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பத் திரும்ப ஓட்டுகிறான், ஆனால் அதற்கு இரவு பகலாகக் கரண்ட் வேண்டும். கரண்டுக்கு நிலக்கரி வேண்டும். இந்த மூன்றுக்கும் போடும் தீனியில் கடலில் அள்ளி அரைத்த பொடிமீன். சிப்பி ஒன்றுதான் தீனி கேட்காது. அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும், அதற்கு மும்பையில் எங்கே போவது?

ஒரு ஹோட்டல்காரர் இனி எந்தப் பண்ணையில் மீன் வாங்குவது என்று தீர்மானிக்க எங்கள் அறிக்கையைக் கேட்டிருந்தார். தொட்டிக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட உதாரணம் மான்குர்த்தில் கொடுவா மீன் வளர்க்கும் ஒரு ஷெட். அங்கேதான் என் அண்ணனுக்கு மோட்டார் பார்க்கும் வேலை. தாராவியில் பெல்ட் தைக்கும் பட்டறை மூடியபிறகு நாயாக அலைந்து கிடைத்த வேலை அது. ஐம்பதைத் தாண்டியவனை வேறு எவன் கூப்பிடப்போகிறான்? அண்ணன் அங்கே இருப்பது எங்கள் மேலதிகாரிக்குத் தெரியும். எண்களில் நான் கை வைக்கவில்லை. ஆனால் தொட்டி ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்.

ஆயுத பூஜை வந்தது. பட்டறையில் அன்றைக்கு எல்லா மிஷினையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஓய்வு கொடுப்பார்கள். அன்று மிஷினைத் தொடுகிறவனுக்குத் திட்டு விழும். அண்ணன் அந்தப் பழக்கத்திலேயே தலை நரைத்தவன். மீனுக்கும் பண்டிகைதானே என்று முதலில் தீனியைக் கூடுதலாக அள்ளிப் போட்டிருக்கிறான். பிறகு தண்ணீருக்குக் காற்று கொடுக்கும் மோட்டாரை நிறுத்தி, பொட்டு வைத்து, மாலை போட்டுவிட்டு, உடைக்கப் பூசணிக்காய் வாங்கப் போய்விட்டான். கரண்ட் போனால் ஜெனரேட்டர் தானாக ஓடும். கையால் அணைத்தால் அது ஏன் ஓடப்போகிறது?

போன் வந்து நான் ஓடியபோது தொட்டிகள் எல்லாம் வெள்ளை வயிறாக மிதந்தன. அண்ணன் மாலை போட்ட மோட்டார் பக்கத்தில் குந்தியிருந்தான்.

"கொஞ்ச நேரம் ஓய்வு குடுத்தேன் தாயி. வேற ஒண்ணும் செய்யலயே," என்றான்.

"தின்ன மீனுக்குத்தான காத்து அதிகம் வேணும். தீனி போட்ட கையோட யாராச்சும் காத்த நிறுத்துவாங்களாண்ணே?"

"சாப்பிட்டுட்டுச் சந்தோசமா இருக்கட்டும்னு நெனச்சேன்."

எனக்குக் கோபம் வந்த வேகத்தில் அழுகையும் வந்துவிட்டது. சாயங்காலம் ஷெட் முதலாளி ஆள் வைத்து அத்தனை மீனையும் டெம்போவில் ஏற்றி உப்பங்கழியில் கொட்டச் சொன்னார். கழியில் ஒரு சொட்டுக் கழிவும் கலப்பதில்லை என்று அந்த ஷெட்டைப் பற்றி எழுதியவள் நான். கடல் வற்றிக் கழியில் தண்ணீர் இறங்கியிருந்த நேரம் அது, மீன்கள் சேற்றிலேயே கிடந்தன. அண்ணனை அங்கேயே கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாட்டுங்காத் தமிழர், பொறுமையானவர்.

"அது ஆக்சிடென்ட்மா. ஒரு ஷெட்ல ஒரு நாள் நடந்ததை டேபிள்ல எப்படிப் போடறது? ஆவரேஜ்தான் போட முடியும்," என்றார்.

அவர் சொன்னது முறைப்படி சரி, அதுதான் என் வயிற்றெரிச்சல். அறிக்கை அப்படியே போனது. கழிவுப் பத்தியில் தொட்டி முதலிடம், இறால் குளம் கடைசி. ஹோட்டல்காரர் படித்துவிட்டு, விலை குறைவு என்று இறாலையே வாங்கினார். மீன் செத்த நஷ்டத்தோடு இதுவும் சேர, மான்குர்த் ஷெட்டை மூடிவிட்டார்கள்.

அண்ணன் அதன்பிறகு வீட்டைவிட்டு அதிகம் வெளியே வருவதில்லை. அத்தனை உயிரையும் கொன்றுவிட்டேன் என்பான், சோறு இறங்காது. சில மாதம் கழித்து ஒரு நாள் அவனே போன் பண்ணினான்.

"பன்வேல் தாண்டி ஒரு எறால் பண்ணையில காத்து மோட்டாருக்கு ஆள் கேக்காவ. காட்ட வெட்டிப் புதுசாக் குளம் போட்டிருக்காவளாம். அது ரொம்பப் பாவம்னு நீதான சொல்லுவ? போவட்டா, வேண்டாமா?"

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்.

"போண்ணே," என்றேன். "வேற யாரும் வந்து சேந்துரதுக்குள்ள போ."