சின்னுசாமி கைவிட்ட சுறா

மலைமேல் இருக்கும் திருப்புலி நாட்டில் பிறந்தவர்களில் கடலைப் பார்த்தவன் சின்னுசாமி ஒருவன்தான். முதல் உலகச் சண்டையின்போது கப்பலில் கரி அள்ளப் போனவன், சண்டை முடிந்ததும் முழு உடம்போடு மலையேறி வந்தான். சோளக்காட்டுச் சந்தைக்குப் போய் வந்தாலே ஒரு வாரம் பேசுகிறவர்கள் நிறைந்த ஊரில் அவன் சொன்னது இரண்டே சங்கதி. அதில்தான் அவன் கல்யாணம் சிக்கிக்கொண்டது.

மாதம்மாளைப் பெண் கேட்டு அக்கா பாவாயியோடு அவன் போயிருந்தான். பெண்ணின் அப்பா அப்பாசாமி, "கடல்ல என்னப்பா பார்த்தே?" என்றார். தண்ணீரைப் பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே வெற்றிலை மாற்றியிருப்பார்கள். சின்னுசாமிக்கு எதையும் அரைகுறையாகச் சொல்லத் தெரியாது.

"கேப்டவுன் பக்கத்துல பெங்குயின்னு ஒரு பறவைங்க மாமா. பறக்காது. நீந்தும். கழுதையாட்டம் கத்தும். சேவலும் பெட்டையும் மாத்தி மாத்தி அடை காக்கும்."

"பெண்குயிலா? குயிலு எங்கப்பா அடை காத்துச்சு? காக்கா கூட்டுல முட்டையைப் போட்டுட்டு ஓடிப்போயிருமே!"

"பெண்குயில் இல்லீங்க, பெங்குயின்."

"அதையேதான் நானும் சொல்றேன்."

பறவை அதற்குமேல் நகரவில்லை. சின்னுசாமி மீனுக்குத் தாவினான். "பால்சுறான்னு ஒண்ணுங்க. கை நீளந்தான் இருக்கும். வயித்தைக் கீறுனா உள்ளே குட்டி நெளியுது. அது பறவையா இருந்தும் பறக்காது, இது மீனா இருந்தும் முட்டை போடாது."

அப்பாசாமி எழுந்துவிட்டார். அறப்பளீசுவரர் கோயில் ஆற்றில், வெட்டிக் குழம்பு வைத்த மீன் சாமி அருளால் மறுபடி ஒட்டிக்கொண்டு உயிரோடு நீந்தியது என்று மனமார நம்புகிறவர் அவர். மீன் குட்டி போடும் என்பதை மட்டும் அவரால் விழுங்க முடியவில்லை.

"மாப்பிள்ளைன்னா ஒரு பொய் இருக்கும், பொறுத்துக்கலாம். ரெண்டு ஆகாது. எதாச்சும் ஒண்ணு பொய்யின்னு அந்தச் சாமி முன்னால சொல்லிட்டுப் பொண்ணைக் கூட்டிட்டுப் போ."

"எந்தம்பி வாயில பொய்யே வராதுங்க!" என்றாள் பாவாயி.

"அப்பப் பொண்ணும் வராது."

சின்னுசாமி வெளியே வந்து மிளகுக் கொடிகளுக்குள் நின்று இரண்டையும் எடை போட்டான். எல்லாரும் சிரிப்பது பறவைக்குத்தான். அதையே விட்டுவிடலாம் என்று முடிவு செய்தபோது தண்ணீர்க் குடத்தோடு மாதம்மாள் வந்தாள்.

"ஏனுங்க, எதை உடப்போறீங்க?"

"பறவையைத்தான்."

"ஆம்பளை அடை காக்கறது பொய்யின்னு மட்டும் சொல்லிப்பாருங்க, நான் எங்கப்பன் ஊட்டுலயே இருந்துக்கறேன்."

மறுநாள் கோயிலில் சின்னுசாமி கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தான். "மீனு முட்டைதாங்க போடும். சுறா பொய்." பிறகு யாருக்கும் கேட்காமல், "குழம்பு மீனையே ஒட்டவெச்ச சாமி நீ, இதையும் எப்படியாச்சும் ஒட்டிக்க" என்று முணுமுணுத்தான்.

"அப்பக் குயிலு?" என்றார் அப்பாசாமி.

"அது நெசம்ங்க."

அப்பாசாமி ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பினார். "ஒரு பொய்யை ஒத்துக்கிட்டவன் இன்னொண்ணுல எதுக்குப் பொய் சொல்றான்? அப்படியொரு குயிலு இருக்குதப்பா."

அவர் மனம் மாறுவதற்குள் பாவாயி தட்டை நீட்டிவிட்டாள். "மாமா, வெத்தலையை எடுங்க."