கோவிந்தம்மாவின் முழங்கை

தேர்தலுக்கு முந்தின ஞாயிறு. எங்கள் தெருமுனையில் மீன் விற்கும் கோவிந்தம்மா, சங்கராவுக்குச் செதில் சீவிக்கொண்டே என் மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்.

"யக்கா, மெஷின்ல நான் யாருக்குக் குத்தறேன்னு அவனுங்களுக்குத் தெரிஞ்சிடுமாமே... நெசமா?"

பிள்ளைகளே, உங்களுக்கு ஓட்டு வயது வர இன்னும் நாள் இருக்கிறது. பரவாயில்லை, இதைக் கேளுங்கள்.

எங்கள் முடிச்சூர் இப்போது இரண்டு ஊர். வயலாக இருந்து பிளாட் ஆன பக்கம் எங்கள் நகர். இங்கே வீட்டுக்கு ஒரு அரசியல். காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பேசுகிற பேச்சைக் கேட்டால் ஆட்சியே மாறிவிடும் போலிருக்கும். ஓட்டு நாளன்று? லீவு ஆயிற்றே... பாதி வீடு பூட்டிக் கிடக்கும்!

பழைய ஊர்ப் பக்கம் நேர் எதிர். அங்கேதான் கோவிந்தம்மாவின் வீடு. கோயில் வாசலில் கூட்டம் போட்டு, இந்த முறை இவருக்கு என்று பேசி முடிப்பார்கள். அப்புறம் தெரு மொத்தமும் ஒரே ஓட்டு. ஒருவர் விடாமல் போய்ப் போட்டுவிட்டு வருவார்கள்.

இந்த முறை பேசி முடித்தவர் ஏகாம்பரம் என்கிற கட்சிக்காரர். தன் கட்சி வேட்பாளர் ஜெயித்தால் மழைநீர்க் கால்வாய் வரும் என்றாராம். போன தேர்தலிலும் அதே கால்வாய்தான். கோவிந்தம்மாவின் வீட்டுக்குள் வருஷா வருஷம் முழங்கால் தண்ணீர் வருகிறது. கால்வாய் மட்டும் வரவில்லை. போன மழையில் அவர் வீட்டுவரை நடந்து வந்து பார்த்த ஒரே ஆள், இப்போது சுயேச்சையாக நிற்கிறார். அவருக்கே போடுவது என்று கோவிந்தம்மா முடிவு செய்துவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், தெருமுனையில் யார் கடை போடலாம், யார் போடக்கூடாது என்பதும் ஏகாம்பரத்தின் கையில். மாற்றிப் போட்டது தெரிந்தால் மறுநாள் அங்கே மீன் கூடை இருக்காது.

தெரியுமா? தெரியும் என்று அவர் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மெஷினை அட்டை மறைக்கும், சரி. முழங்கையை மறைக்குமா? அவருடைய வேட்பாளர் பட்டியலில் முதல் ஆள், பொத்தான் மெஷினின் மேல்கோடியில். கை எட்டி நீண்டால் அவருக்கு. சுயேச்சைக்குக் கடைசிப் பொத்தான், உடம்பை ஒட்டிக் கீழே. முழங்கை பின்னால் மடங்கினால் துரோகி! பூத்தில் உட்காரும் அவர் கட்சி ஏஜென்ட் பார்த்துச் சொல்லிவிடுவாராம்.

நான் பத்தாவது வரை படித்தவன். தெரிந்ததைச் சொன்னேன். ஓட்டு ரகசியம், யாரும் கேட்கக்கூடாது, சட்டமே இருக்கிறது என்றேன்.

"சட்டம் பூத்துக்குள்ள கீது சார். என் கூடை தெருவுல கீதே" என்றார்.

வம்பு எதற்கு, பேசாமல் வீட்டிலேயே இருந்துவிடேன் என்றாள் என் மனைவி. கோவிந்தம்மா அரிவாள்மனையிலிருந்து நிமிர்ந்தார்.

"நான் போவலைன்னா என் ஓட்டை எவனாவது போட்டுடுவான். என்னுது அது. நான்தான் போடுவேன்."

ஓட்டு நாளன்று எங்கள் தெருவிலிருந்து வந்தது நாலைந்து வீடுதான். பள்ளிக்கூடத்தில் ஆண்கள் வரிசையில் நான். பெண்கள் வரிசையில் கோவிந்தம்மா, நாலைந்து பேர் தள்ளி என் மனைவி. உள்ளே ஏஜென்ட், கிரிக்கெட் அம்பயர் மாதிரி கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

கோவிந்தம்மா மை வைத்துக்கொண்டார். அட்டைக்குப் பின்னால் போனார். இரண்டு கையையும் உள்ளே விட்டார். ஒரு கை எட்டி நீண்டது, ஒரு கை மடங்கியது. அப்படியே அசையாமல் நின்றார். தேர்தல் அதிகாரி, "என்னம்மா, சீக்கிரம்" என்றார். கடைசியில் 'பீப்' என்று சத்தம் வந்தது.

பின்னால் நின்ற பெண்கள் எல்லோரும் இதைப் பார்த்தார்கள். அடுத்த பெண் போனார்... இரண்டு கை! அதற்கு அடுத்தவரும் இரண்டு கை! ஏஜென்ட் எழுந்து நின்று பார்த்தார். அதிகாரி அவரை உட்காரச் சொன்னார்.

மறுநாள் காலை ஏகாம்பரம் நேராகத் தெருமுனைக்கு வந்தார். நாங்கள் மீன் வாங்கிக்கொண்டிருந்தோம். எந்தப் பொத்தான் என்று கேட்டார். கோவிந்தம்மா இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார்.

"ரெண்டும்தான் உள்ள போச்சுண்ணா. எது அமுக்குச்சுன்னு உன் ஆளையே கேளேன்."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஏகாம்பரம் சிரிக்கவில்லை. ரிசல்ட் வரட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரிசல்ட் வந்தது. சுயேச்சை தோற்றுப்போனார். டெபாசிட்கூடத் தேறவில்லை. ஆனால் எங்கள் பூத்தில் மட்டும் ஏகாம்பரத்தின் ஆளும் அவரும் கிட்டத்தட்டச் சரிசமம். நகர்க்காரர்கள் போட்டார்கள் என்று பழி போடவும் வழியில்லை, வந்தால்தானே! அப்படியானால் பழைய ஊர்த் தெருவில் பாதிப்பேர் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். கோவிந்தம்மாவே ஆச்சரியப்பட்டுப் போனார். தான் ஒருத்திதான் என்றல்லவா நினைத்திருந்தார்!

ஒரு ஆள் மாற்றிப் போட்டால் தேடிப் பிடிக்கலாம். பாதித் தெரு மாற்றிப் போட்டால்? கூடை அதே தெருமுனையில்தான் இருக்கிறது. கால்வாய் இன்னும் வரவில்லை, கேட்டுக்கொண்டேதான் இருப்போம் என்கிறார் கோவிந்தம்மா. பிள்ளைகளே, உங்கள் முறை வரும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடாதீர்கள்.

யார் மாற்றிப் போட்டது என்று தெரியாததால், ஏகாம்பரம் இப்போதெல்லாம் தெருவில் எல்லோருக்கும் வணக்கம் வைக்கிறார்!