சரிவில் நிறுத்திய கார்

நேற்று காரை சர்வீஸுக்கு விட்ட இடத்தில் புது ஆயில் வாசனை மூக்கில் ஏறியதும், எனக்கு ஈர ஜமுக்காளம் ஞாபகம் வந்தது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் என் அவசரப் புத்திதான்.

அக்காவை நாங்கள் லாத்தா என்போம். அவள் புருஷன், என் மச்சான், அப்போது சவூதியில் இருந்தார். ஊரில் விட்டுப்போன அவருடைய பழைய காருக்கு நான்தான் காவல். பல வருஷத்துக்கு முந்தைய கதை இது. மறுநாள் அவர் திருவனந்தபுரத்தில் விமானத்தில் வந்து இறங்குகிறார், அதே காரில்தான் அழைத்துவர வேண்டும். "வண்டிக்கு ஒண்ணுன்னா உம்மத்தான் கேப்பேன் வே" என்று மச்சான் போனில் சிரித்திருந்தார். அந்தச் சிரிப்புதான் பயம்.

மெக்கானிக் எதற்கு என்று காலையில் நானே பழைய ஆயிலை வடித்துப் புதிதை ஊற்றினேன். பிறகு, பயணத்துக்கு முன் எல்லாரும் செய்கிற மாதிரி, வண்டியைக் குளிப்பாட்ட ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றுக்கு. ஜமுக்காளம் அலச லாத்தாவும் ஏறிக்கொண்டாள். கரைச் சரிவில் மூக்கு மேலே பார்க்க நிறுத்திக் கழுவிவிட்டு, எதற்கும் பார்ப்போமே என்று எஞ்சினில் ஆயில் அளவு காட்டும் குச்சியை உருவினேன். அவசரத்தில் துடைத்தது, பிழிந்து வைத்திருந்த ஜமுக்காளத்தின் ஓரத்தில். மறுபடி விட்டு எடுத்தால் நுனியில் பேருக்கு ஓர் ஈரம்.

ஆயில் வடித்த அடித் திருகை முடுக்கவில்லையோ? வழியெல்லாம் ஒழுகிவிட்டதோ? எஞ்சின் இறுகினால் மச்சானை பஸ்ஸிலா கூட்டிவருவது? அடியில் படுத்துப் பார்த்தேன், எங்கும் சொட்டுகிறது. கழுவின வண்டி தண்ணீர் சொட்டாமல் என்ன செய்யும்? எனக்கு அத்தனையும் ஆயிலாகத் தெரிந்தது. மீதி டப்பாவைத் திறந்து மொத்தமாகக் கவிழ்க்கப் போனேன்.

லாத்தா இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி பார்த்தாள்.

"ஏ மூதி, சட்டியச் சரிச்சு வச்சிட்டு கொழம்பக் காணலங்கியே. மேல சமமா கொண்டு நிறுத்திப் பாருலே."

ரோட்டில் நிறுத்தி, ஆயில் அடியில் இறங்கியபின் குச்சியை உருவினேன். மேல் கோட்டுக்குச் சற்றே கீழே, தேன் நிறத்தில் நின்றது ஆயில். குச்சியை முத்தமிடாத குறை. போன உயிர் திரும்பிய வேகத்தில் மிச்ச ஜமுக்காளத்தையெல்லாம் நானே பிழிந்தேன்.

மச்சான் வந்தார், வண்டியில் ஒரு குறையும் சொல்லவில்லை. ஜமுக்காளத்தில் எப்படி இந்தக் கறை என்றுதான் கேட்டார். லாத்தா கறை உள்ளே போகும்படி அதை மடித்து வைத்தாள்.

இப்போது அந்தச் சரிவில் வண்டி இறங்காதபடி கல் நட்டுவிட்டார்கள்; ஆற்றுக்கு நல்லதுதான். லாத்தா மகனோடு கோயம்புத்தூரில். என் புதுக் காரில் குச்சியே கிடையாது; ஆயில் சரியாக இருக்கிறதென்று திரையே சொல்லிவிடுகிறது. மூதி என்று திட்ட மட்டும் அதற்குத் தெரியவில்லை.