கிடார் சத்தத்துக்கு வந்த சாமி

எமர்ஜென்சி போட்ட வருஷம், ஆடிக் கிருத்திகை முடிந்த மறுவாரம். தறிக்குப் பாவுநூல் வாங்க, பாவா என்று நான் கூப்பிடும் அக்கா புருஷனோடு அரக்கோணம் போயிருந்தேன். ரயில்வே குவார்ட்டர்ஸில் நாலு பையன்கள் ராக் மியூசிக் வாசித்துக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்க நின்றோம்.

டிரம் அடி நெஞ்சில் விழுந்தது. கிடார் அலறியது. அவ்வளவுதான் ஞாபகம்.

கண் திறந்தால் நெற்றி நிறைய விபூதி. பாவா கும்பிட்டுக்கொண்டு, "யாரு வந்துகீறீங்க? முருகனா? சொல்லுங்க சாமி!" என்கிறார். காவடி எடுக்கும்போது ஆடுகிற அதே ஆட்டத்தை அங்கே ஆடியிருக்கிறேன்.

பையன்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பு கூசிப்போனது. பம்பை மேளத்துக்கு வருகிற சாமி இதற்கும் வருமா? அப்படியென்றால் வருஷாவருஷம் திருத்தணி மலைமேல் எனக்கு வந்தது யார்?

கிடார் வாசித்த ஆல்பர்ட் மட்டும் சிரிக்கவில்லை. "எங்க பாட்டுக்கு இப்டி யாரும் ஆடனதே இல்லண்ணா. இன்னொரு தபா வாசிக்கட்டா?" என்று கெஞ்சினான். நான் ஓடிவந்துவிட்டேன்.

இன்று திருத்தணி பஸ் ஸ்டாண்டு செல்போன் கடையில் அதே மாதிரி பாட்டு. கால் தானாக எழும்பியது.

"இன்னா பெர்சு, சாமி வந்துகினு கீதா?" என்றார் கடைக்காரர். தலை குனிந்து வெளியே வந்தேன்.

வந்தது யாரென்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பாவா இப்போது உயிரோடு இல்லை, அந்தப் பையன்களிலும் மூவர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பவனைக் கேட்டால் மறுபடியும் வாசிக்கட்டுமா என்பான், ஆல்பர்ட்.