கருவாட்டுக் குழம்பும் என் தம்பியின் கோபமும்

என் தம்பி செல்வத்துக்கு முதலில் வந்தது கோபமல்ல, வியர்வை. சாப்பிட்டு எழுந்ததும் முகம் சிவக்கும், தலை இடிக்கும். அதற்குப் பிறகுதான் கை நீளும்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தான். எங்கள் ஊரில் எந்த நோய்க்கும் ஒரே விளக்கம்தான். பட்டாசில் சேர்க்கும் அலுமினியப் பவுடர் தலைக்கு ஏறிவிட்டது என்றார்கள். நாங்களும் நம்பி, தீபாவளி சீசன் நடுவில் அவனை நிறுத்தி வீட்டில் உட்கார வைத்தோம்.

வீட்டில் அம்மா இருந்தாள். அவன் அடித்து ஓய்ந்த மறுநாள் அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைப்பாள். "ரெண்டு வாய் சாப்பிடுலே, மனசு ஆறும்" என்பாள். அவன் அழுதுகொண்டே சாப்பிடுவான். அந்த அழுகை பொய்யில்லை. அவன் அறைந்ததில் அம்மாவுக்கு இடது காது கேட்காமல் போனதும் பொய்யில்லை.

அம்மாவும் நானும் அவனை மதுரையில் ஒரு பெண் மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அவர் அடிதடியை விட்டுவிட்டுச் சாப்பாட்டைப் பற்றியே கேட்டார். இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் விளக்கினார். ஒரு மரபணுவில் (பெற்றோர் வழியாக உடலுக்கு வரும் குறிப்பு) பழுது. அதனால் ஒரு நொதி (வேதிப்பொருளைச் சிதைக்கும் புரதம்) அவனுக்குச் சுரக்கவில்லை. மனநிலையை ஆட்டிவைக்கும் பொருள்கள் மூளையில் தேங்கி நிற்கின்றன.

"கருவாடு வேண்டாம். அதுல ஒரு பொருள் இருக்கு, அதையும் அவர் உடம்பால சிதைக்க முடியாது. வியர்வை, தலைவலியெல்லாம் அதனாலதான். கோபத்தையும் அது கிளப்பலாம்."

"அப்ப நான் சோறு போட்டுப் போட்டுத்தான் அடி வாங்குனேனா, டாக்டரம்மா?" என்று அம்மா கேட்டாள்.

"அது மட்டும் காரணமில்லம்மா. இந்தக் கோளாறே தாய் வழியாத்தான் வந்திருக்கு."

ஆறுதலாகத்தான் சொன்னார்.

கருவாட்டை நிறுத்தினோம். வியர்வையும் தலைவலியும் போயின. கோபம் குறைந்தது, போகவில்லை. அதற்கு மாத்திரை. "எக்கா, அம்மாவ அடிச்சது நானா, அந்தப் பழுதா?" என்று கேட்டான். இதே நிலையில் இருப்பவர்களில் யாருக்காவது பதில் தெரிந்தால் சொல்லுங்கள்.

அம்மா சமைப்பதை விட்டுவிட்டாள். செல்வம் பேச வந்தால் கேட்காத காதைத் திருப்பிக்கொள்கிறாள்.

என்னையும் பரிசோதித்தார்கள். எனக்கும் இருக்கிறது. பெண்களுக்கு அந்த மரபணு இரண்டு உண்டு; மற்றது நன்றாக இருப்பதால் என்னை அது தொந்தரவு செய்யவில்லை. என் மகனுக்குப் போயிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவனுக்கு நான்கு வயது. பரிசோதிக்க என் கணவர் சம்மதிக்கவில்லை. பிள்ளை அடம்பிடித்துத் தட்டைத் தள்ளினால் அவர் அவனைப் பார்ப்பதில்லை, என்னைப் பார்க்கிறார்.

முன்பு எங்களுக்கு ஒரு தீபாவளியிலிருந்து அடுத்த தீபாவளி வரை ஒரு வருடம். இப்போது ஒரு சாப்பாட்டிலிருந்து அடுத்த சாப்பாடு வரைதான் என் பொழுது. மகன் முகம் சிவக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

"ஏம்மா என்னையே பாக்க?" என்று ஒருநாள் கேட்டான். நான் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன். இப்போது அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறான்.